'நிரூபணமாகின்றது' எண்ட சொல்லை முதல்ல வெட்டும் பிள்ளை

கேள்வி:

ஐயா, நான் ஒரு நிதி நிறுவனத்தின்ர உள்ளகக் கணக்காய்வுப் பகுதியில வேலை செய்யிறன், சேர்ந்து ரெண்டு வருசம். எங்கட வலிகாமத்துக் கிளை ஒண்டில நகை அடைவுப் பகுதியில (நகையை ஈடா வாங்கிக் காசு குடுக்கிற இடம்) 37 பொதிக்குள்ள கவரிங் நகை இருந்தது பிடிபட்டது. நான்தான் விசாரிச்சு 46 பக்கத்தில றிப்போட் எழுதிக் குடுத்தனான். கொழும்பில இருந்து ரெண்டுதரம் திரும்பி வந்திட்டுது. முதல்தரம் என்ன சொல்ல வாறீர் எண்டு விளங்கேல்லையாம். ரெண்டாந்தரம் எங்கட சட்டத்தரணி, இதை வைச்சுக்கொண்டு பொலிசுக்குப் போகேலாது எண்டிட்டார். எனக்கு மொழி காணாதோ? நல்ல ஃபோர்மற் ஒண்டு இருந்தால் சொல்லுங்கோ. செய்தவர் ஆரெண்டு கிளை முழுக்கத் தெரியும். அவர் எங்கட ஊர்தான், அதுவும் ஒரு மாதிரியாக் கிடக்கு.

கணக்காய்வு உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

பதில்:

பிள்ளை, உம்மட மொழிக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் கடிதத்தையே பத்து வரியில வடிவா விளங்கப்படுத்திப் போட்டீர், பேந்தேன் 46 பக்கத்தில விளங்கேல்லை எண்டதுதான் கேள்வி. நீர் அனுப்பின மாதிரிப் பக்கம் மூண்டையும் (பேரையும் இலக்கத்தையும் மையால மறைச்சு அனுப்பினது நல்ல பழக்கம், விடாதையும்) நான் ரெண்டுதரம் வாசிச்சன். முதல் பக்கத்தில ஒரு வசனம் இருக்கு: "குறித்த உத்தியோகத்தர் திட்டமிட்ட முறையில் போலி நகைகளைப் பயன்படுத்தி நிறுவனத்திற்குப் பாரிய நிதி மோசடியை ஏற்படுத்தியமை நிரூபணமாகின்றது." இதை வாசிச்ச உடனை எனக்கு விளங்கினது ஒண்டே ஒண்டுதான், உமக்கு அந்தாளில சரியான கோவம். எப்ப நடந்தது, எவ்வளவு போனது, அது உமக்கு எப்பிடித் தெரியும், ஒண்டும் அதில இல்லை. நிரூபிக்கிறது நீதிமன்றத்தின்ர வேலை, திட்டமிட்டவரோ இல்லையோ எண்டது அவற்ர மனசுக்குள்ள கிடக்கிற விசயம், பாரிய எண்டது எவ்வளவு எண்டு ஆருக்கும் தெரியாது. ஒரு வசனத்தில மூண்டு சொல்லு, மூண்டையும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வெத்திலை மாதிரி மடிச்சு வாயில போட்டிடுவார்.

இந்த றிப்போட்டை ஆர் வாசிக்கப் போகினம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாரும். கொழும்பில இருக்கிற மனேச்சர், சட்டத்தரணி, பொலிஸ் உத்தியோகத்தர், பேந்து நாலைஞ்சு வருசம் கழிச்சு ஒரு நீதவான். இவையில ஒருத்தருக்கும் உம்மட கிளையின்ர கவுண்டர் எந்தப் பக்கம், பெட்டகத்தின்ர திறப்பு ஆரிட்ட, அடைவுப் பொதி எப்பிடிக் கட்டிறது எண்டு தெரியாது. நீர் பக்கத்தில நிண்டு விளங்கப்படுத்தவும் மாட்டீர், அந்த நேரம் நீர் கனடாவிலயும் இருக்கலாம், ஆருக்குத் தெரியும். ஆனபடியால் கடுதாசி தனிய நிண்டு கதைக்க வேணும்.

உம்மட வசனத்தை நான் எழுதினால் இப்பிடி எழுதுவன், இலக்கமெல்லாம் உதாரணத்துக்குப் போடுறன், வருசத்தையும் நீர்தான் சேர்க்க வேணும்:

"மார்ச் 12 முற்பகல் 10.42க்கு, அடைவுச் சீட்டு இல. 0418இன் கீழ், சங்கிலி ஒன்று 24.6 கிராம், 22 கரட் எனப் பதியப்பட்டு ரூ. 365,000 முற்பணம் வழங்கப்பட்டுள்ளது (இணைப்பு 7). பதிவைச் செய்த பயனர் கணக்கு இல. 14 (இணைப்பு 8). ஆகஸ்ட் 5 அன்று கிளை முகாமையாளரும் இரண்டாவது திறப்பை வைத்திருப்பவரும் முன்னிற்கப் பொதி திறக்கப்பட்டது. திறக்க முன்னர் முத்திரை உடையாமல் இருந்தது (இணைப்பு 9, புகைப்படம் 1 முதல் 4). பரிசோதகர் சங்கிலியை வெட்டி உரைத்துப் பார்த்து, மேற்பூச்சு மட்டுமே பொன் என எழுத்தில் தந்துள்ளார் (இணைப்பு 10)."

இதில கள்ளன் எண்ட சொல்லு எங்கயும் இல்லை, ஆனா வாசிக்கிறவருக்கு நெஞ்சு திக்கெண்டும். மற்றது, முத்திரை உடையாமல் இருந்தது எண்ட அந்த மூண்டு சொல்லைக் கவனியும், உம்மட 46 பக்கத்தில அது இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனா இந்தக் கேஸின்ர முதுகெலும்பு அதுதான். முத்திரை உடையேல்லை எண்டால் கவரிங் நகை அடைவு வைச்ச அண்டைக்கே உள்ள போயிருக்கு, அப்ப கவுண்டரில நிண்டவரையும் நகை பார்த்தவரையும் கொண்டந்தவரையும் பார்க்க வேணும். முத்திரை உடைஞ்சு திருப்பி ஒட்டியிருந்தால் நல்ல நகை உள்ள போய்ப் பேந்து மாறியிருக்கு, அப்ப பெட்டகத்தின்ர ரெண்டு திறப்பும் எந்தெந்த நாள் ஆர் ஆரிட்ட இருந்தது எண்டு பார்க்க வேணும். ரெண்டும் ரெண்டு விதமான களவு, ஆக்களும் வேற. 37 பொதிக்கும் இதைத் தனித்தனியா எழுதும். எல்லாம் ஒரே மாதிரி எண்டு ஒரு வசனத்தில முடிச்சுப் போடாதையும், 37இல ரெண்டு வேற மாதிரி இருந்தால் அந்த ரெண்டுதான் முழுக் கதையையும் மாத்தும்.

அடுத்தது கம்பியூட்டர். உம்மட ரெண்டாம் பக்கத்தில "அவரே பதிவு செய்துள்ளார்" எண்டு எழுதி, அதுக்கு ஆதாரமா சிஸ்டத்தில இருந்து எடுத்த பயனர் இலக்கத்தை இணைச்சிருக்கிறீர். பிள்ளை, பயனர் இலக்கம் வேற ஆள் வேற. எங்கட கிளையளில பாஸ்வேர்டைத் துண்டில எழுதிக் கீபோட்டுக்குக் கீழ ஒட்டி வைக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு கிளையில நல்லூர்த் தேரண்டு லீவில நிண்ட ஆளின்ர பாஸ்வேர்டில நாலு அடைவு விழுந்திருந்தது, ஆள் அங்கால வீதியில அங்கப்பிரதட்டை செய்துகொண்டிருந்தவர், பார்த்த சாட்சி ஊர் முழுக்க. ஆனபடியால் ஒவ்வொரு பதிவுக்கும் அந்த நேரம் அந்த ஆள் அந்தக் கதிரையிலதான் இருந்தவர் எண்டதுக்கு வேற ஒரு ஆதாரம் வேணும். விரலடையாள மெசின்ர வரவுப் பதிவு, லீவுப் புத்தகம், சிசிரிவி, சீட்டில இருக்கிற கையெழுத்து, காசாளர் காசு குடுத்த துண்டு, இதுகளில ரெண்டாவது பொருந்த வேணும். பொருந்தேல்லையெண்டால் "பயனர் கணக்கு 14 மூலம் பதியப்பட்டது, பாவித்தவர் யாரென உறுதிப்படுத்த முடியவில்லை" எண்டு எழுதும். அப்பிடி எழுதிறதில வெக்கமில்லை. நீர் எங்க நிக்கிறீர் எண்டு நேர்மையாச் சொன்னால்தான் மற்ற இடத்தில நீர் உறுதியாச் சொல்லுறதை நம்புவினம்.

சரி, அவர்தான் பதிஞ்சவர் எண்டு வைப்பம். அப்பவும் அவருக்குத் தெரிஞ்சுதான் செய்தவரோ எண்டது தனிக் கேள்வி. மேல்பூச்சு மொத்தமா இருந்தால் உரைகல்லும் ஏமாந்து போகும், மேலால உரைச்சால் பூச்சுத்தான் உரைபடும், வெட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும், வாடிக்கையாளற்ர தாலிக்கொடியை எந்தக் கவுண்டரில வெட்டிப் பார்க்கிறது? ஆனபடியால் வெளியாள் ஒருத்தர் வந்து இவரை ஏமாத்தியிருக்கலாம் எண்ட விளக்கத்தையும் நீராவே றிப்போட்டில வைச்சு, அது ஏன் பொருந்துது அல்லது ஏன் பொருந்தேல்லை எண்டு எழுத வேணும். 37 சீட்டும் நாலே நாலு பேற்ர அடையாள அட்டையிலதான் எண்டால், அதில ஒருத்தர் அண்டைக்கு நாட்டிலயே இல்லை எண்டால், முற்பணம் குடுத்த அடுத்த அரை மணித்தியாலத்தில கிட்டத்தட்ட அதே தொகை பக்கத்து வங்கியில ஒரு கணக்குக்குப் போயிருக்கெண்டால், வெளியாள் கதை தானாவே விழும். நீர் தள்ளி விழுத்தத் தேவையில்லை.

அமெரிக்காவில மேடோஃப் எண்ட முதலீட்டு முகாமையாளற்ர மோசடி 2008 டிசம்பரில அவர் பிடிபட்டாப் பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்தது, ஆனா ஹரி மார்க்கோபோலோஸ் எண்ட நிதி ஆய்வாளர் 2005இலயே அங்கத்தைய பங்குகள் ஆணைக்குழுவுக்கு நீளமாக் குறிப்பெழுதிக் குடுத்தவர். அதில மேடோஃப்பின்ர லாபம் எப்பிடி வந்தது எண்டதுக்கு ரெண்டு விளக்கம் வைச்சவர், ஒண்டுக்கு நடக்க வாய்ப்புக் குறைவு எண்டும் மற்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் எண்டும் பேர் போட்டு, ஏன் எண்டு காரணத்தை ஒண்டொண்டா எண் போட்டு அடுக்கியிருந்தவர். ரெண்டாவதுதான் மெய். ஆனா ஆணைக்குழு அதைப் பிடிக்கேல்லை, மூண்டு வருசம் போச்சு. அதால, வடிவா எழுதினால் எல்லாம் நடக்கும் எண்டு நான் உமக்குச் சத்தியம் பண்ண மாட்டன். பிழையா எழுதினால் நடக்கவே நடக்காது எண்டது மட்டும் என்ர அனுபவம்.

அந்த அனுபவத்தையும் சொல்லத்தான் வேணும். இருபது வருசத்துக்கு முந்தி நான் எழுதின ஒரு றிப்போட்டில, முதல் பக்கச் சுருக்கத்தில ரூ. 450,000 எண்டு போட்டிருந்தன், உள்ள இணைப்பில 540,000. அவ்வளவுதான். நாலும் அஞ்சும் இடம் மாறிப் போச்சு. சாட்சிக் கூண்டில ஏறினாப் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி களவைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை, அந்த ரெண்டு இலக்கத்தையும் வைச்சே அரை மணித்தியாலம் என்னை உரிச்சவர். எது சரி? அப்ப மற்றது பிழை? அப்ப நீங்கள் கையெழுத்து வைக்க முன்னம் வாசிக்கேல்லை? வேற எதெதை வாசிக்கேல்லை? வழக்கு என்னாச்சு எண்டு என்னட்டைக் கேளாதையும். அண்டைக்கு இருந்து ரெண்டு கூட்டுத்தொகை ஒத்துப் போகேல்லையெண்டால் வித்தியாசத்தை முதல்ல ஒன்பதால பிரிச்சுப் பார்ப்பன், மிச்சமில்லாமல் பிரிஞ்சால் எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 90,000 ஒன்பதால பிரியும் தானே. பழைய கிளாக்கர்மாற்ர வித்தை, எக்ஸல் வந்தாப் பிறகும் வேலை செய்யுது.

இலக்கத்தில இன்னொரு கரைச்சல், நீர் ஒரு பக்கத்தில 84 இலட்சம் எண்டிறீர், அடுத்த பக்கத்தில 8.4 மில்லியன், அட்டவணையில 8,400,000. மூண்டும் ஒண்டுதான், ஆனா வாசிக்கிறவர் ஒவ்வொருக்காலும் நிண்டு மனசுக்குள்ள மாத்த வேணும். ஒரு முறையை எடுத்துக் கடைசிவரைக்கும் அதிலயே நில்லும். நட்டம் எவ்வளவு எண்டதையும் பிரிச்சுக் காட்டும்: முற்பணமாப் போனது எவ்வளவு, திரும்பக் கட்டினது எவ்வளவு, வட்டி எவ்வளவு, பொதிக்குள்ள உண்மைப் பொன் ஏதும் கிடந்தால் அதின்ர பெறுமதி எவ்வளவு. நீர் எல்லாத்தையும் சேர்த்து ஒரே கூட்டா எழுதினபடியால், வட்டியை ரெண்டுதரம் கூட்டிப் போட்டீரோ எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு, போய்ப் பாரும்.

பேர். இது எங்கட ஆக்களுக்கே உரிய தலையிடி. தேவராசா எண்டு சீட்டில, தேவராஜா எண்டு அடையாள அட்டையில, இங்கிலிசில ஒரு இடத்தில டி போட்டு ஒரு இடத்தில ரி எச் போட்டு, தகப்பன்ர முதலெழுத்து ஒருக்கா முன்னுக்கு ஒருக்கா பின்னுக்கு, இதில நாலு பேரோ ஒரே ஆளோ எண்டு கொழும்பில இருக்கிறவருக்கு எப்பிடித் தெரியும்? அடையாள அட்டை இலக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு போம், ஆனா அதிலயும் ஒரு பொறி இருக்கு. ஒரே ஆளுக்கே பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில ஒரு எழுத்தும், புது அட்டையில 12 இலக்கமும். சிஸ்டத்தில ரெண்டு வாடிக்கையாளர் மாதிரிக் கிடக்கும். பழசில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டு வருசத்தில எத்தினையாவது நாள், பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். ஒருக்கா ஒரு சீட்டில ஆம்பிளையின்ர பேரும் 600க்கு மேல இலக்கமும் கிடந்தது, அது ஒண்டே போதுமா இருந்தது மேல துருவ. றிப்போட்டின்ர தொடக்கத்தில ஆக்களின்ர பட்டியல் ஒண்டு போடும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர், ஒரு அடையாளம், பதவி, அந்தாள் வேற எந்தெந்த எழுத்தில எந்தெந்தப் பத்திரத்தில வருகுது எண்டும். அதுக்குப் பிறகு கடைசிவரைக்கும் அந்த ஒரு பேர்தான். "மேற்படி நபர்", "குறித்த உத்தியோகத்தர்", "அன்னார்" எல்லாத்தையும் தூக்கி எறியும், ஒரே பந்தியில மூண்டு மேற்படி நபர் வந்தால் ஆரை ஆர் ஏமாத்தினது எண்டே தெரியேல்லை.

வாக்குமூலத்துக்கு வருவம். நகை பார்க்கிறவற்ர வாக்குமூலத்தை நீர் சுத்தத் தமிழில மாத்தி எழுதியிருக்கிறீர், அந்தாள் வாழ்க்கையில "அவதானிக்கப்பட்டது" எண்டு சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்ன சொல்லிலயே எழுதும். தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், ஆர் ஆர் இருந்தவை, வாசிச்சுக் காட்டினதோ, ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து. தமிழில சொன்னதைத் தமிழிலயே வைச்சிரும், கொழும்புக்கு மொழிபெயர்ப்பு வேணுமெண்டால் அது தனிப் பத்திரம், மொழிபெயர்த்தவற்ர பேரோட. வடக்கில நீதிமன்றப் பதிவு தமிழில நடக்கிறது, நீர் இங்கிலிசில எழுதினதைத் திரும்பத் தமிழாக்கேக்க அந்தாள் சொல்லாததெல்லாம் சொன்னதாய் வந்து நிக்கும்.

திகதியும் அப்பிடித்தான். எங்கட சனத்திட்ட எப்ப எண்டு கேட்டால் "தேருக்கு முதல் வெள்ளி" எண்டும், "சின்னவளின்ர சாமத்தியத்துக்கு அடுத்த கிழமை" எண்டும்தான் வரும். அதை அப்பிடியே எழுதி, பக்கத்தில நீர் கணிச்ச திகதியையும் எப்பிடிக் கணிச்சனீர் எண்டதையும் போடும். நல்லூர்த் திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள், ஆனா இங்கிலிஸ் திகதி வருசா வருசம் மாறும், எந்த வருசத் தேர் எண்டு கேக்காமல் விட்டால் ஒரு வருசமே பிழைச்சுப் போம்.

மற்றது, "விசாரணையின்போது வியர்த்துப் பதற்றமடைந்தார்" எண்ட வசனம். சித்திரை வெயிலில கரண்டில்லாத அறையில ரெண்டு மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேட்டால் நானும் வேர்ப்பன். வெட்டும். சீதனத்துக்குக் கடன்பட்டவர், புது மோட்டச்சைக்கிள் வாங்கினவர் எண்டெல்லாம் கிளையில கதைக்கிறதும் அதே கணக்குத்தான். நெருக்கடி, வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளுற நியாயம் எண்டு மூண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கையான ஆளும் கை வைப்பான் எண்டு 1950களில அமெரிக்காக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெசி ஆராய்ஞ்சு சொன்னதை நீர் படிச்சிருப்பீர், அது விசாரிக்கேக்க எங்க தேடிறது எண்டு யோசிக்க உதவும். கடன் பத்திரம் கையில இருந்தால் இணையும், இல்லாட்டி ஊர்க்கதை றிப்போட்டுக்குள்ள வரக்கூடாது.

இப்ப நீர் எழுதாமல் விட்டு, ஆனா மூண்டாம் பக்கத்தில ஒரு வரியில வந்து போற விசயம்: "தான் எடுத்ததாக ஏற்றுக்கொண்டு கடிதம் வழங்கியுள்ளார்." அந்தக் கடிதம் எப்பிடி வந்தது பிள்ளை? எங்கட இடங்களில இது வழமையா நடக்கிறது, மனேச்சர் கூப்பிட்டு, "எழுதித் தா, காசைக் கட்டு, பொலிசுக்குப் போகமாட்டம், வீட்டில தெரியாது" எண்டு சொல்லி வாங்கிறது. எங்கட சாட்சியக் கட்டளைச் சட்டத்தில 24ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, அதிகாரத்தில உள்ளவர் வெருட்டியோ ஆசை காட்டியோ வாக்குக் குடுத்தோ வாங்கின குற்ற ஒப்புதலைக் குற்ற வழக்கில ஏற்க மாட்டினம். மேலதிகாரி வாங்கின கடிதத்தை எதிர்த்தரப்பு இதுக்குள்ளதான் கொண்டுபோய் விழுத்தப் பார்க்கும். உம்மட சட்டத்தரணி பொலிசுக்குப் போகேலாது எண்டதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ஏனெண்டால் உம்மட றிப்போட் முழுக்க அந்தக் கடிதத்தில தொங்கிக்கொண்டு நிக்குது. கடிதத்தை மறந்துபோட்டு மிச்சத்தை வாசிச்சுப் பாரும், கேஸ் நிக்குதோ? நிண்டால் நல்லது, கடிதம் ஒரு இணைப்பா இருக்கட்டும், எப்ப, எங்க, ஆர் முன்னிலையில, என்ன சொல்லி வாங்கினது எண்டு மறைக்காமல் எழுதி. நிக்கேல்லையெண்டால் இன்னும் வேலை கிடக்கு.

காசு போன வழியில நீர் கடைசியா எழுதினது "மிகுதிப் பணம் உண்டியல் மூலம் வெளிநாடு சென்றுள்ளது" எண்டு. ஆர் சொன்னது? பத்திரம் இருக்கோ? உண்டியல்ல, அதாவது வங்கிக்கு வெளியால ஆள் மூலமாக் காசு போறதுக்கு, பத்திரம் இருக்காது எண்டதுக்காகத்தானே சனம் உண்டியலுக்குப் போறது. "இந்தத் திகதியில் கணக்கிலிருந்து ரூ. இவ்வளவு காசாக எடுக்கப்பட்டுள்ளது, இதற்கு அப்பால் பதிவு இல்லை" எண்டு அந்த இடத்திலயே நிப்பாட்டும். ஒராள் அப்பிடிச் சொன்னவர் எண்டால், அவர் சொன்னவர் எண்டு எழுதும்.

இன்னொரு அவசரமான விசயம், இதைத் தள்ளிப் போடக்கூடாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்படி, குற்றத்தோட தொடர்பு எண்டு சந்தேகம் வந்தால் நிறுவனம் மத்திய வங்கியின்ர நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேணும், ஆகப் பிந்தினது ரெண்டு வேலை நாளுக்குள்ள. உம்மட றிப்போட் திருப்பித் திருப்பி வந்து வடிவா முடியுமட்டும் அந்த ரெண்டு நாள் காத்துக்கொண்டிருக்காது. அதை அனுப்பிறது உம்மட வேலையில்லை, அதுக்கெண்டு இணக்க அதிகாரி (நிறுவனம் சட்டப்படி நடக்குதோ எண்டு பார்க்கிறவர்) இருக்கிறார், அவருக்கு நீர் எழுத்தில சொன்னனீரோ எண்டு பாரும், சொல்லேல்லையெண்டால் இண்டைக்கே சொல்லும். ஆனா அப்பிடி அறிவிச்சது எண்டதை உம்மட விசாரணை றிப்போட்டில எழுதாதையும். சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரியப்படுத்திறது சட்டப்படி குற்றம், உம்மட றிப்போட் எத்தினை கை மாறும், கிளையில ஆரின்ர மேசையில திறந்து கிடக்கும் எண்டு உமக்குத் தெரியாது. வட்ஸ்அப்பில ஆருக்கும் ஒரு பக்கமும் அனுப்பாதையும், "பார்த்திட்டு அழிச்சுப் போடுங்கோ" எண்டும் அனுப்பாதையும்.

ஃபோர்மற் கேட்டீர். பெரிசா ஒண்டுமில்லை. முதல் பக்கம் ஒரே ஒரு பக்கம், என்ன நடந்தது, எவ்வளவு, எந்தக் காலம், எது பத்திரத்தோட நிக்குது, எது இன்னும் தெரியேல்லை, என்ன செய்ய வேணும். மனேச்சர் அதோட நிப்பாட்டினாலும் அவருக்கு விசயம் விளங்க வேணும். பேந்து ஆக்களின்ர பட்டியல், திகதி வாரியா நடந்தது, 37 பொதியின்ர அட்டவணை, இருக்க வேண்டிய நடைமுறை என்ன கிளையில நடந்தது என்ன எண்டு ஒரு பகுதி, கடைசியில உம்மட அபிப்பிராயம், அது அபிப்பிராயம் எண்டு தலைப்புப் போட்டு. எட்டுப் பத்துப் பக்கம் காணும், மிச்சமெல்லாம் இணைப்பு. நீர் எழுதினது நீர் தேடின ஒழுங்கில போகுது, முதல்நாள் கிளைக்குப் போனன், தேத்தண்ணி தந்தவை மாதிரி. உமக்கு 30ஆம் பக்கத்திலதான் தெரியவந்தது எண்டதுக்காக வாசிக்கிறவரும் 30ஆம் பக்கம் வரைக்கும் காத்துக்கொண்டிருக்க வேணுமோ?

இணைப்பு இலக்கத்தை ஒருக்காப் போட்டால் பேந்து மாத்தாதையும், நடுவில ஒண்டு புதுசா வந்தாலும் கடைசி இலக்கத்தைக் குடும். ஒவ்வொண்டுக்கும் ஆரிட்ட எப்ப வாங்கினது, மூலமோ பிரதியோ, இப்ப எங்க பூட்டியிருக்கு எண்டு ஒரு பதிவுப் புத்தகம், கைமாறினால் ரெண்டு பேற்ர கையெழுத்து. வெட்டின சங்கிலியும் அதுக்குள்ளதான், புது உறையில போட்டு முத்திரை வைச்சு. பரிசோதகர் உம்மட நிறுவனத்தோட வழமையா வேலை செய்யிற ஆளெண்டால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலயும் சிலதைக் குடுத்துப் பார்க்கலாமோ எண்டு சட்டத்தரணியிட்டைக் கேளும், வீட்டு ஆள் சொன்னது எண்ட கதை பிறகு வராது.

உங்கட ஊர் ஆள் எண்ட விசயம். ஒரு மாதிரியாக் கிடக்கு எண்டு என்னட்டைச் சொல்லுறதை விட மனேச்சருக்கு எழுத்தில சொல்லும், றிப்போட்டிலயும் ஒரு வரி போடும், "இவ்வறிக்கையைத் தயாரித்தவரும் பயனர் கணக்கு 14க்குரியவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், உறவினர் அல்லர்" எண்டு. உறவெண்டால் இந்த வேலையை வேற ஆளிட்டைக் குடுக்கச் சொல்லும். நீர் சொல்லாமல் விட்டால் அதைச் சொல்லப் போறது எதிர்த்தரப்புச் சட்டத்தரணிதான், அவர் சொல்லேக்க ஒழுங்கைக்கு ஒழுங்கை வேலிச் சண்டை இருந்தது மாதிரிச் சொல்லுவார். மற்றது, உம்மட கோவமும் பாதி அதாலதான் எண்டு நினைக்கிறன், எங்கட ஊருக்கே பேர் கெட்டுப் போச்சு எண்ட கோவம். எனக்கும் உப்பிடி வந்ததுதான்.

நாளைக்குக் காலமை போன உடனை றிப்போட்டைத் திறக்காதையும், முதல்ல சிசிரிவி பார்க்கிறவரைப் பிடியும். அந்தப் பெட்டியள் இடம் முடிஞ்ச உடனை பழசுக்கு மேலால புதுசை எழுதிப்போடும், பழைய மாசங்களின்ரது ஏற்கெனவே போயிருக்கலாம், மிஞ்சிக் கிடக்கிறதையாவது ரெண்டு பிரதி எடுத்து, ஹாஷ் இலக்கம் (கோப்பில பிறகு ஒண்டும் மாறேல்லை எண்டு காட்டிற இலக்கம்) எடுத்து, எடுத்த ஆளின்ர கையெழுத்தோட பூட்டி வையும். கம்பியூட்டர்ப் பதிவையும் சிசிரிவியையும் வழக்கில வைக்கிறதெண்டால் எந்தச் சட்டம் பொருந்தும், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில உள்ள மாதிரி மற்றத் தரப்புக்கு 45 நாளுக்கு முன்னம் அறிவித்தல் குடுக்க வேணுமோ எண்டு சட்டத்தரணியிட்டைக் கேளும், மெசின் ஒழுங்கா வேலை செய்தது எண்டு சொல்ல ஒரு ஆளும் வேண்டிவரலாம், ஆனபடியால் ஐரி பகுதியில ஆர் வந்து சொல்லுவினம் எண்டு இப்பவே பேரைக் குறிச்சு வையும். அது முடிஞ்சாப் பிறகு 37 பொதியின்ர அட்டவணையை மட்டும் திரும்பச் செய்து, முத்திரைக்கு ஒரு நிரல் சேர்த்து, எனக்கு அனுப்பும். பேரை மறைச்சு.